தொடாதவரை ஒன்றும் ஆகாது

"பழைய ஒயர் தம்பி. தொடாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

திருச்சி உறையூரில் சித்தப்பா வீட்டுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீசியன் அண்ணன் சொன்னது இது. மாடி அறையில் ஏசி போடலாமா, அதற்கு முன் பழைய ஒயர்களை மாற்ற வேண்டுமா என்று கேட்டபோது வந்த பதில். சித்தப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு பெரிய செலவு தள்ளிப்போகிறது. எனக்குத்தான் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. ஒரு காலத்தில் ஒயர்களுக்கான பிவிசி காம்பவுண்டு தயாரிக்கும் ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஒயரின் மேலுறையை அடுப்பில் வைத்து வாட்டி, இழுத்து, முறித்துப் பார்ப்பதே அங்கே அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தில், அண்ணன் சொன்னதைத் தப்பு என்று சட்டென்று தள்ளிவிட முடியவில்லை. சரி என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. நம் ஊரில் எத்தனையோ வீடுகள் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சித்தப்பா வீட்டில் ஒயர்களின் வரலாறே இருக்கிறது. ஓடு போட்ட முன்கட்டில் தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய ரப்பர் ஒயர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கரண்ட் இணைப்பு இல்லாமல். பின்கட்டும் மாடியும் 1986ல் கட்டியவை. அங்கே சுவருக்குள்ளும் கூரைத் தளத்துக்குள்ளும் பைப் பதித்து பிவிசி ஒயர் இழுத்திருக்கிறார்கள். முன்கட்டு ஒயரை உரித்தால் உள்ளே கம்பி வெள்ளி நிறத்தில் இருக்கும். பார்ப்பவர்கள் அலுமினியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது செம்புதான், மேலே வெள்ளீயப் பூச்சு. ரப்பரைக் கெட்டியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். அந்தக் கந்தகம் செம்பை அரிக்கும், பதிலுக்குச் செம்பு ரப்பரைக் கெடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவில் வெள்ளீயம் பூசினார்கள். மலாயாவின் தோட்டங்களில் நம் ஆட்கள் பால்வெட்டிய ரப்பர் உலகமெங்கும் போன காலத்து ஒயர் அது. அந்த ரப்பர் இப்போது விரலால் தொட்டால் கருப்புத் தூளாக உதிர்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் போதும், ரப்பருக்கு வேறு எதிரி தேவையில்லை. ரப்பரைப் போல இது வீணாகாது என்ற நம்பிக்கையில்தான் பிவிசி வந்தது. ஓரளவு உண்மையும்கூட.

மென்மை எங்கிருந்து வருகிறது

வெறும் பிவிசியை வைத்து ஒயர் செய்ய முடியாது. தண்ணீர்க் குழாய் இருக்கிறதே, அதுதான் கிட்டத்தட்ட வெறும் பிவிசி. விறைப்பானது, வளைத்தால் ஒடியும். 1872ல் ஆய்கன் பௌமன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வினைல் குளோரைடை வெயிலில் வைத்தபோது குடுவைக்குள் வெள்ளையாகப் படிந்த இந்தப் பொருளை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் உருப்படியாகப் பயன்படுத்தவில்லை. 1926ல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் அதைக் கொதிநிலை அதிகமான எண்ணெய் போன்ற திரவங்களில் சூடாக்கிப் பார்த்தார். ஆறியபின் கிடைத்தது வளைகிற, இழுபடுகிற பொருள். நம் வீட்டு ஒயரின் மேலுறை அந்த வழியில் வந்ததுதான். எங்கள் ஆலையில் 100 கிலோ ரெசினுக்கு, அதாவது வெறும் பிவிசி தூளுக்கு, 40, 50 கிலோ டிஓபி என்ற எண்ணெய் போவது சாதாரணம். கூடவே சுண்ணாம்புத் தூள், வெப்பத்தில் கெடாமல் இருக்க ஈய உப்பு, நிறம். சிவப்பு ஒயரை நீங்கள் விரலில் சுற்றும்போது அது சுற்ற வருவது பிளாஸ்டிக்கின் குணத்தால் அல்ல, உள்ளே இருக்கும் அந்த எண்ணெயால்.

அந்த எண்ணெய் பிவிசியோடு வேதிப்பிணைப்பு எதுவும் போட்டுக்கொள்வதில்லை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எனவே வழி கிடைத்தால் வெளியேறும். சூட்டில் மெதுவாக ஆவியாகும். பக்கத்தில் வேறு பிளாஸ்டிக் இருந்தால் அதற்குள் போகும். கொலு வைக்கிற வீடுகளில் இதைப் பார்த்திருப்பார்கள்: சீரியல் செட்டையும் தெர்மாகோல் கோபுரத்தையும் ஒரே பெட்டியில் கட்டி வைத்துவிட்டு அடுத்த நவராத்திரிக்குத் திறந்தால், ஒயர் பட்ட இடத்திலெல்லாம் தெர்மாகோல் உருகிப் பள்ளம் விழுந்திருக்கும். சூடே இல்லாமல் நடந்த வேலை அது. ஒயரிலிருந்த எண்ணெய் தெர்மாகோலைக் கரைத்திருக்கிறது, அந்த அளவுக்கு ஒயர் தன் மென்மையை இழந்திருக்கிறது. தெர்மாகோல் ஷீட்டை ஒட்டி ஒயரை ஓட்டியிருக்கும் ஃபால்ஸ் சீலிங்குகளிலும் இதே வேலை ஆள் கண்ணில் படாமல் நடக்கும். பிரிட்டனில் 1960களின் பிற்பகுதியில் செய்த சில ஒயர்களில் இந்த எண்ணெய் செம்போடு வினைபட்டு, பச்சை நிறப் பசையாகச் சுவிட்சுகளிலிருந்து வழிந்தது. அங்குள்ள எலக்ட்ரீசியன்களுக்கு அது இன்றும் பழகிய காட்சி.

எண்ணெய் போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பிவிசியே உடைகிறது. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். வெப்பத்தில் சங்கிலியின் ஏதோ ஒரு பலவீனமான இடத்தில் குளோரினும் பக்கத்திலுள்ள ஹைட்ரஜனும் சேர்ந்து அமில வாயுவாகக் கழன்றுகொள்ளும். ஓர் இடம் கழன்றால் அடுத்த இடம் இன்னும் சுலபமாகக் கழலும். வெளிவந்த அமிலமே அடுத்தடுத்த கழலலைத் தூண்டும். வெள்ளை ஒயர் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் கருப்பாவது இதனால்தான். இதைத் தடுக்கத்தான் ஈய உப்பு; இப்போது கால்சியம், துத்தநாக உப்புகள். வெளிவரும் அமிலத்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். அவை தீரும்வரை வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. தீர்ந்த பிறகு மளமளவென்று கெடும். ஆலை அடுப்பில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெகுநேரம் நிறம் மாறாமல் இருந்த துண்டு, கடைசிக் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்பதை ஒயருக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

அடக்கவிலையைக் குறைக்கப் போடும் சுண்ணாம்புத் தூளையும் சொல்ல வேண்டும். வெளிவரும் அமிலம் அதோடு சேர்ந்தால் கால்சியம் குளோரைடு ஆகும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற உப்பு. வெயில்காலம் முழுக்க ஒழுங்காக இருந்த பழைய லைன் ஐப்பசி மழையில் ட்ரிப் ஆவதற்குச் சுவர் ஓதம் மட்டும் காரணம் இல்லை. கெட்டுப்போன மேலுறை தானே ஈரம் பூத்து, கரண்டுக்குத் தடம் போட்டுக் கொடுக்கும்.

மாடி ஒயரும் கீழ் ஒயரும்

ஏசிக்கு எப்படியும் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தாக வேண்டும். அந்த வேலையோடு மாடி அறையின் லைட், ஃபேன் ஒயர்களையும் மாற்றிவிடலாம் என்று சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். அதே சமயத்தில் கீழ் ஹாலில் சித்தி ஒரு சுவிட்ச் போர்டை இடம் மாற்றச் சொல்லியிருந்தார். அதனால் 1986ல் மொத்தமாக வாங்கிய ஒரே ரக ஒயர், ஒரே சிவப்பு, ஒரே எழுத்து அச்சிட்டது, வீட்டின் இரண்டு இடங்களிலிருந்து வெளியே வரப்போகிறது. எனக்கு அதில் ஒரு ஆவல் இருந்தது. உருவுவதற்கு முன் அண்ணனை மெகர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 500 வோல்ட் கொடுத்து, மேலுறை வழியாக எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் கருவி அது. வீட்டு ஒயரிங்கில் 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். மாடி லைன், கீழ் லைன் இரண்டுமே அதற்கு வெகு மேலே காட்டின. "பாத்தீங்களா தம்பி" என்றார் அண்ணன்.

கீழ் ஒயர் பைப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. மாடி ஒயர் வரவில்லை. பைப்பின் வளைவில் விறைத்துப் போய், அதே வளைவைத் தன் உருவமாக எடுத்துக்கொண்டிருந்தது. பலம் கொடுத்து இழுத்ததில் துண்டு துண்டாக வந்தது. கீழ் ஒயரைப் பென்சிலில் சுற்றினேன். சுற்ற வந்தது, அவிழ்த்தால் நிமிர்ந்தது, புது ஒயரின் வாசனைகூட லேசாக மிச்சம் இருந்தது. மாடி ஒயரை அதே பென்சிலில் பாதி வளைப்பதற்குள் அப்பளமாக நொறுங்கி உள்ளே செம்பு தெரிந்தது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒயர். மெகரில் ஒரே தரம். ஒன்றுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, இன்னொன்று முடிந்தேபோயிருக்கிறது.

அண்ணன் நொறுங்கிய துண்டுகளை எடுத்து இடம் இடமாக வளைத்துப் பார்த்தார். தளத்துக்குள் ஓடிய பகுதிதான் மோசம். சுவரில் சுவிட்ச் போர்டுக்கு இறங்கிய பகுதி அவ்வளவு மோசமில்லை. சீலிங் ரோஸ் பக்கம் இருந்த நுனி, முன்பு அங்கே எரிந்த குண்டு பல்பின் சூட்டில் பழுப்பாகவே ஆகியிருந்தது. "மாடி ஒயர் வெந்துபோச்சு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது எனக்குத் தெரிஞ்சதுதான், இப்படிச் சேர்த்து வச்சுப் பார்த்ததில்லை. மேல்மாடியில ஃபேன் மாத்தப் போனா எப்பவும் ஒயர் ஒடியும். டேப் சுத்தி ஒப்பேத்திட்டு வருவோம். கீழ் வீட்டுல அப்படி ஒடியாது."

அவர் சொன்ன இந்த அனுபவம், நான் ஆலையில் படித்த எல்லாவற்றையும் விடத் தெளிவாக விஷயத்தைச் சொல்லிவிட்டது. திருச்சியின் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. காங்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை விடாது. நாம் லைட், ஃபேன் பைப்பைப் பதிப்பது அந்தத் தளத்துக்குள்ளேதான். சாதாரண பிவிசி ஒயருக்குக் கம்பி 70 டிகிரி வரை சூடாகலாம் என்பது கணக்கு. எத்தனை ஆம்பியர் போகலாம் என்ற அட்டவணையெல்லாம் சுற்றுப்புறம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டு போட்டவை. தளத்துக்குள் அந்த 40 டிகிரி கோடையில் பெரும்பாலான நேரம் இருப்பதில்லை. வேதிவினைகளுக்கு ஒரு பொதுக் கைக்கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதாவது ஆயுள் பாதியாகும். 20 டிகிரி கூடினால் கால்வாசி. கணக்கு எல்லாப் பொருளுக்கும் அச்சாகப் பொருந்தாதுதான். ஆனாலும் மாடித் தளத்தில் கிடந்த ஒயரும் கீழ்ச் சுவருக்குள் குளிர்ச்சியாகக் கிடந்த ஒயரும் ஒரே வயது இல்லை என்பதைப் புரிந்துகொள்ள அது போதும்.

"இந்த வீட்டு ஒயருக்கு என்ன வயசு" என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை போனது அன்றுதான். ஒரே வீட்டுக்குள் பல வயதில் ஒயர் இருக்கிறது. பூஜை அறையில் இரவு பகலாக எரிந்த ஜீரோ வாட் பல்பின் ஹோல்டரில் ஒரு வயது, கதவைத் திறக்காமலே கிடக்கும் ஸ்டோர் ரூமில் இன்னொரு வயது.

மெகர் காட்டாதது

இரண்டு ஒயரும் மெகரில் ஒன்றாகத் தேறியதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்ணனின் பேச்சில் உள்ள உண்மை அங்கேதான் இருக்கிறது. பிளாஸ்டிக் மேலுறை கெடும்போது முதலில் போவது அதன் மின்தடை அல்ல. முதலில் போவது இழுபடும் தன்மை. விறைத்து, உலர்ந்து, கண்ணாடியாக ஆன பிவிசிகூட விரிசல் விடாதவரை கரண்டை நன்றாகவே தடுக்கும். அணுமின் நிலையங்களில் ஒயர்களின் முதுமையை அளப்பவர்கள் இதனால்தான் மெகரை மட்டும் நம்புவதில்லை. ஒயர்த் துண்டுகளை நிலையத்துக்குள்ளேயே, உண்மையான சூட்டிலும் கதிர்வீச்சிலும் வைத்திருந்து, சில வருடங்களுக்கு ஒருமுறை சிலதை எடுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். புதிதாக இருக்கும்போது தன் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூடுதலாக இழுபட்ட மேலுறை, 50 சதவீதம் இழுபடுவதற்குள் அறுந்தால் அதன் ஆயுள் முடிந்ததாக எடுத்துக்கொள்வது அங்கே பரவலான வழக்கம். அந்த நிலையிலும் அது கரண்டைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஒரு விபத்தின் சூட்டையோ அதிர்வையோ தாங்கும் என்று இனி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஆக, தொடாத வரைக்கும் ஒன்றும் ஆகாது என்பது சோதனைக் கூடத்தில் உண்மை. வீட்டில் ஒயரைத் தொடாமல் யார் விட்டார்கள்? தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. செம்பு ஒரு மாதிரி விரியும், பிவிசி அதைவிட அதிகமாக விரியும். ஃபேன் சுற்றும்போது கொக்கியில் உள்ள அதிர்வு ஒயர் நுனிக்குப் போகிறது. சுவிட்சின் ஸ்குரு தளர்ந்த இடத்தில் மூட்டு சூடாகிறது. எலியின் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது நினைவிருக்கும். அப்போது ஒவ்வொரு சுவிட்ச் போர்டையும் கழற்றி, பழைய ஒயரை இழுத்து, லைனைப் பிரித்து மாட்டினார்கள். பல வருடங்கள் யாரும் தொடாத ஒயர்களை மொத்தமாக ஒரே வருடத்தில் தொட்டோம். அப்படி விழுந்த விரிசல்கள் எங்கேயென்று யாருக்கும் கணக்கு இல்லை.

கையால் தொடுவது மட்டும் தொடுதல் இல்லை. சுமை ஏற்றுவதும் தொடுதல்தான் என்று எனக்குப் படுகிறது. 1986ல் அந்த வீட்டில் இருந்தவை டியூப் லைட், குண்டு பல்பு, ஃபேன், ஒரு ரேடியோ. ஒரு ஃபேனுக்கு அரை ஆம்பியர்கூடப் போகாது. இப்போது அதே காலத்து ஒயரில் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 8, 9 ஆம்பியர் இழுக்கிறது. வாட்டர் ஹீட்டரும் அப்படியே. கம்பியில் பிறக்கும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. பழைய ஃபியூஸ் கட்டையில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று யாரோ ஒரு காலத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஒயர் வேகும்வரை அது உருகாது. தேய்ந்துபோன மேலுறைக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

1996 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் கடல்மேல் வெடித்து 230 பேர் இறந்தார்கள். 25 வருடப் பழைய விமானம். எரிபொருள் தொட்டியின் ஆவி பற்றிக்கொண்டது. தொட்டிக்கு வெளியே ஒயர்களில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட் வழியாக அதிக மின்னழுத்தம் உள்ளே போனதே பெரும்பாலும் காரணம் என்று விசாரணையில் முடிவானது. அதன்பிறகு பழைய விமானங்களின் ஒயர்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். மூப்போடு சேர்ந்து, பராமரிப்பு வேலை செய்தவர்கள் இழுத்ததும் மிதித்ததும் துளைபோட்ட உலோகத் தூள் சிந்தியதும் ஒயர்களைக் கெடுத்திருந்தது தெரியவந்தது. 2007ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒயரிங்கை எஞ்சின், சக்கரம் மாதிரித் தனி அமைப்பாகவே கருதிச் சோதிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நம் ஊரில் ஒரு வீடு எரிந்தால் மறுநாள் பேப்பரில் மின்கசிவே காரணம் என்று ஒரு வரி வருகிறது. எந்த அறை, எந்த ஒயர், என்ன வயது, எதனால் கசிந்தது என்று அடுத்த வரி வருவதே இல்லை. இறந்தவர்கள் வீட்டில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அந்த அடுத்த வரி அவசியம் தேவை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

எதை முதலில் மாற்றுவது

வீடு முழுக்க ஒரேயடியாக ஒயர் மாற்றுங்கள் என்று சொல்வது சுலபம். சித்தப்பா மாதிரி ஓய்வூதியத்தில் இருப்பவர்களிடம் அப்படிச் சொன்னால், செலவுக்குப் பயந்து எதையுமே மாற்றாமல் விட்டுவிடுவார்கள். அதனால் அண்ணனும் நானும் உட்கார்ந்து, சூடு அதிகம் பட்ட இடம் எது என்ற ஒரே கேள்வியை வைத்து வீட்டைச் சுற்றி வந்தோம். மாடித் தளத்துக்குள் இருந்தது முழுக்கப் போகட்டும் என்று முடிவானது. புது ஒயரைத் தளத்துக்குள் இழுக்கவே வேண்டாம் என்பது என் பிடிவாதம். பைப்பைச் சுவரின் மேல்விளிம்பை ஒட்டி வெளியே ஓட்டி, 70 டிகிரி ரகத்துக்குப் பதில் 85 டிகிரி தாங்கும் பிவிசி ஒயர் போட்டோம். எண்ணெயே இல்லாத, மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் ஒயர் 90 டிகிரி தாங்கும். எரிந்தால் அமிலப் புகையும் வராது. ஆனால் அண்ணன் வழக்கமாக வாங்கும் கடையில் வேண்டிய அளவில் அது இல்லை. கடைக்காரர்கள் எஃப்ஆர், எஃப்ஆர்எல்எஸ் என்று சொல்லி விற்பது ஒயர் தீயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றியது. எத்தனை டிகிரி சூட்டில் எத்தனை வருஷம் தாங்கும் என்பதைப் பற்றியது அல்ல. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது மொட்டை மாடி டேங்கிலிருந்து கொல்லைப்புற மோட்டார் வரை வெயிலில் கிடந்த ஒயர். நல்ல மழைநாளில் மோட்டார் பக்கம் போனால் குழாயில் சுள்ளென்று அடிக்கிறது என்று சித்தி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த லைனில் பாதி தூரம் கருப்பு ஒயர், மீதி தூரம் யாரோ சேர்த்துப் பின்னிய மஞ்சள் ஒயர். கருப்பு ஒயர் இன்னும் வளைகிறது. மஞ்சள் ஒயர் நீளவாக்கில் வெடித்துக் கிடந்தது. கருப்பு நிறம் வருவது கரித்தூளால். அது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். மற்ற நிறங்களுக்கு அந்த அளவு பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. வெளியில் ஒயர் ஓட்டுவதானால் கருப்பு உறை போட்ட கேபிளை, அதையும் பைப்புக்குள் ஓட்டுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

பிறகு மெயின் போர்டு. ஃபியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு, கரண்ட் அளவு மிஞ்சினால் தானே விழும் எம்சிபி, கூடவே பூமிக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்சிசிபி. எம்சிபி ஒயரைக் காக்கும், ஆர்சிசிபி ஆளைக் காக்கும். கெட்டுப்போன மேலுறை வழியாகப் பூமிக்குக் கசியும் கரண்டை ஆர்சிசிபி பிடித்துவிடும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலேயே கசிந்து சூடாகும் மூட்டை அதனால் பிடிக்க முடியாது. ஆர்சிசிபி இருக்கிறது, இனிப் பழைய ஒயரைப் பற்றிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கீழ் ஹாலையும் முன்னறையையும் இப்போதைக்கு விட்டுவிட்டோம். அங்கே எடுத்த ஒயர் பென்சிலில் சுற்ற வந்தது. வருஷத்தை மட்டும் பார்த்து அதைத் தூக்கிப் போட எனக்கு நியாயம் தெரியவில்லை. அடுத்து வெள்ளையடிக்கும்போது ஏதாவது ஒரு போர்டைத் திறந்து ஒரு சாண் ஒயரை வெட்டி, மறுபடி வளைத்துப் பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை ஹால் போர்டில் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகக் கூடாது என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டேன். சமையலறைக்குத் தனியாக 4 சதுர மி.மீ. லைன் ஒன்று வந்துவிட்டதால் அவரும் சரி என்றுவிட்டார்.